அரைச் சதுர கிலோமீட்டரில் ஒரு நகராட்சி: கிரிப்பின் கதை

கேட்கப்பட்ட கேள்வி இது: "நார்வேயின் மேற்குக் கடலோரத்தில் கிரிப் என்று ஒரு நகராட்சி இருந்ததாம். 1964-இல் கலைத்துவிட்டார்களாம். நூறு பேர் இருந்த பாறைத் திட்டுக்கு நகராட்சி எதற்கு? அப்புறம் அதை ஏன் கலைத்தார்கள்? அரசாங்கம் மக்களைத் துரத்திவிட்டதா?"

வேலை நிமித்தம் சில காலம் கிறிஸ்டியான்சுண்டில் இருந்தவன் நான். எண்ணெய்க் கிணறுகளுக்குச் சாமான் அனுப்பும் துறைமுக நகரம் அது. அங்கிருந்து படகில் அரை மணி நேரம் போனால் கிரிப். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. யாரும் துரத்தவில்லை. நகராட்சி கலைக்கப்பட்டதால் ஊர் காலியாகவில்லை; ஊர் காலியாகிக்கொண்டிருந்ததால்தான் நகராட்சி கலைந்தது. ஊரைக் காலி செய்தது சட்டம் அல்ல, படகு எஞ்சின். எப்படி என்று சொல்ல ஐந்நூறு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

முதலில் ஒரு சொல் தகராறு. 'நகராட்சி' என்றதும் நம் மனதில் கடைவீதி, பேருந்து நிலையம், குப்பை லாரி எல்லாம் வருகிறது. நார்வேக்காரர்கள் சொல்வது 'கொம்மூனெ'. நகரமானாலும் நாலு வீடுள்ள தீவானாலும் அதே சொல்தான். பள்ளிக்கூடம், ஏழைகளுக்கான உதவி, உள்ளூர் வரி, சாலை எல்லாம் அதன் பொறுப்பு. நாட்டின் ஒவ்வோர் அங்குலமும் ஏதாவது ஒரு கொம்மூனெயில் இருந்தாக வேண்டும். அங்கே வாழும் தமிழர்கள் 'கொம்யூன்' என்றே சொல்லிவிடுகிறார்கள். அதுதான் சரி என்று எனக்கும் படுகிறது. ஆனாலும் நீங்கள் நகராட்சி என்று கேட்டதால் நானும் அப்படியே எழுதுகிறேன், ஊராட்சி என்று நினைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

சரி, இடத்துக்கு வருவோம். மோரெ-ரோம்ஸ்டால் மாவட்டத்தில், கிறிஸ்டியான்சுண்ட் நகரத்துக்கு வடமேற்கே சுமார் 14 கிலோமீட்டர் தள்ளி, திறந்த கடலில் எண்பது சொச்சம் பாறைகளும் குட்டித் தீவுகளும் சிதறிக் கிடக்கின்றன. அத்தனையையும் கூட்டினாலும் அரைச் சதுர கிலோமீட்டர் வராது. ஏக்கர் கணக்கில் நூற்றிருபதுக்குள். அதிலும் மக்கள் குடியிருந்தது பெரும்பாலும் ஒரே ஒரு திட்டில். அந்தத் திட்டின் மிக உயரமான இடம் கடல் மட்டத்திலிருந்து எட்டு மீட்டர்தான். அந்த எட்டு மீட்டர் உச்சியில் தேவாலயம், அதை ஒட்டி, கோழிக்குஞ்சுகள் தாயைச் சுற்றி ஒண்டியதுபோல் மர வீடுகள். வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் ஓர் ஆள் நடக்கத்தான் வழி. மரம் கிடையாது. பயிர் வைக்க மண் கிடையாது. ஓடை, கிணறு என்று நம்பியிருக்க எதுவும் கிடையாது. கூரையில் விழும் மழைநீரைப் பிடித்து வைத்துத்தான் குடித்தார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் எதற்குக் குடியேறினார்கள்? மீன்தான். ஆனால் 'மீன்' என்று பொதுவாகச் சொன்னால் விஷயம் பிடிபடாது. நார்வேக்கு வடக்கே உள்ள பேரன்ட்ஸ் கடலில் வளரும் காட் மீன் பருவம் வந்ததும் முட்டையிடத் தெற்கே நார்வே கரையோரமாக இறங்கி வரும். அந்த வலசை மீனுக்கு அங்கே தனிப் பெயரே உண்டு: ஸ்க்ரை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை அதற்குக் காலம். வடக்கே லோஃபோட்டன் தீவுகள்தான் இதற்குப் பேர்போன இடம் என்றாலும், மோரெ கரையோரமும் பழைய முட்டையிடும் களம்தான். கிரிப் அந்தக் களத்தின் வாசலில் இருக்கிறது.

இப்போது துடுப்புப் படகை நினைத்துக்கொள்ளுங்கள். பனிக்காலம். பகல் சில மணி நேரம்தான். காற்று எப்போது திரும்பும் என்று தெரியாது. உள்நாட்டுக் கரையிலிருந்து துடுப்பு போட்டு மீன்பாட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் போய்விடும், திரும்புவதற்குள் இருட்டிவிடும். கிரிப்பில் படுத்திருந்தவனோ விடியும்போது வலையருகே இருப்பான். 14 கிலோமீட்டர் முன்னால் தூங்கி எழுவதுதான் அந்தப் பாறையின் ஒரே சொத்து. அதனால்தான் பருவத்தில் ஃபியோர்டு (நிலத்துக்குள் நீளமாகப் புகுந்து கிடக்கும் கடல்) ஓரத்து விவசாயிகள் பண்ணையைப் பெண்களிடம் விட்டுவிட்டுப் படகோடு வந்து அங்கே தங்கினார்கள். நிரந்தரமாக இருந்தவர்கள் இருநூறு பேர் என்றால், பருவத்தில் அதைப் போலப் பல மடங்குக் கூட்டம் அந்தப் பாறையில் நெரிந்தது.

பிடித்த மீன் எங்கே போனது என்பதில்தான் பக்கத்து நகரத்தின் கதை ஒட்டிக்கொள்கிறது. பழைய முறையில் காட் மீனை உப்பே இல்லாமல் மரச்சட்டத்தில் தொங்கவிட்டு, குளிர்காற்றிலேயே விறகுக்கட்டைபோல் காய வைப்பார்கள். 1690களில் யாப்பெ இப்பெஸ் என்ற டச்சுக்காரர் இந்தக் கரைக்கு வந்து வேறொரு முறையைத் தொடங்கினார்: மீனை இரண்டாகப் பிளந்து, முதுகெலும்பை எடுத்து, உப்பிட்டு, பாறை மேல் விரித்துக் காய வைப்பது. அதற்கு 'கிளிப்ஃபிஸ்க்' என்று பெயர். 'கிளிப்' என்றால் பாறை. பாறைக் கருவாடு என்று மொழிபெயர்த்தால் பிழையில்லை. ஸ்பெயின், போர்ச்சுகல், பிற்பாடு பிரேசில் வரை இந்தக் கருவாடு போனது. அதை வைத்தே வளர்ந்த துறைக்கு 1742-இல் நகர உரிமை கிடைத்தது. அரசர் ஆறாம் கிறிஸ்டியான் பெயரில் கிறிஸ்டியான்சுண்ட் ஆனது. (தெற்கே கிறிஸ்டியான்சான்ட் என்று இன்னொரு நகரம் இருக்கிறது. கடிதங்கள் இடம் மாறிப் போகாமல் இருக்க இதற்குப் பின்னால் வடக்கு என்பதற்கு 'வ', அதற்குப் பின்னால் தெற்கு என்பதற்கு 'தெ' என்று போடும் வழக்கம் வெகுகாலம் இருந்தது. இன்றும் விமான டிக்கெட் எடுப்பவர்கள் கவனமாக இருப்பது நல்லது.) பாறை முழுக்கக் கருவாடு காய்ந்த அந்த நகரத்துக்கு மீன் கொண்டுவந்து கொட்டிய பாறைகளில் கிரிப்பும் ஒன்று.

மீன் பிடித்தவர்கள் பணக்காரர்கள் ஆனார்களா என்றால், இல்லை. அவர்கள் நின்ற பாறையே அவர்களுடையது அல்ல. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டென்மார்க்-நார்வே (அப்போது இரண்டும் ஒரே அரசரின் கீழ்) அரசர் நான்காம் ஃபிரெடெரிக், ஸ்வீடனோடு நடத்திய நீண்ட போரின் செலவை ஈடுகட்ட, நாடெங்கும் தேவாலயங்களை விற்றார். ஆம், தேவாலயங்களைத்தான், கட்டடமும் அதற்கு வரும் வருமானமும் சேர்த்து. அந்தக் காலத்தில் கிரிப்பும் வணிகர் கைக்குப் போனது. இப்படி மீன்பிடித் துறையை மொத்தமாக வைத்திருந்தவரை நார்வே மொழியில் 'வேர்-ஐயெர்' என்பார்கள், துறை முதலாளி. வீட்டு மனை அவருடையது, மாவும் உப்பும் தூண்டில் கயிறும் கடனுக்குத் தருவது அவர், பிடித்த மீனை வாங்குவதும் அவர். விலை யார் வைத்திருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த முறை கரையோரம் முழுக்க இருந்தது. கிரிப் மக்கள் தங்கள் பாறைக்குத் தாங்களே சொந்தக்காரர்கள் ஆனது 20-ஆம் நூற்றாண்டு பிறந்த பிறகுதான்.

முதலாளியை விடக் கொடியது கடல். 1796-இல் வடமேற்கிலிருந்து அடித்த புயலில் அலை தீவைத் தாண்டி ஓடி, கிட்டத்தட்ட நூறு கட்டடங்களை வாரிக்கொண்டு போனது. சில ஆண்டுகளில் மறுபடியும் அடி. எட்டு மீட்டர் உச்சியில் தேவாலயம் மட்டும் நின்றது. புயலில் மக்கள் ஏறி ஒதுங்க அதைத் தவிர உயரமான இடம் கிடையாது. ஊர் மறுபடி மறுபடி கட்டப்பட்டது என்பதுதான் வியப்பு. அத்தனை அடி வாங்கியும் திரும்ப வந்து குடிசை போட்டார்கள் என்றால், அந்த 14 கிலோமீட்டர் எவ்வளவு பெறுமானம் என்று புரிந்துகொள்ளலாம்.

அந்தத் தேவாலயத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்று கிரிப்பைத் தேடி வருபவர்களில் பாதிப் பேர் அதற்காகத்தான் வருகிறார்கள். சுமார் 1470 வாக்கில் கட்டியது. நார்வேயின் புகழ்பெற்ற ஸ்டாவ் தேவாலயங்களில் ஒன்று. அதாவது மூலைகளில் பெரிய மரத்தூண்களை நிறுத்தி, அவற்றுக்கு இடையே பலகைகளைச் செங்குத்தாக இறக்கிக் கட்டும் பழைய தச்சு முறை. ஒரு காலத்தில் ஆயிரத்துக்கும் மேல் இருந்தவற்றில் இன்று நாட்டில் எஞ்சியிருப்பவை 28. அந்த 28-இல் மிகச் சிறியவற்றிலும், காலத்தால் பிந்தியவற்றிலும் கிரிப் ஒன்று. படங்களில் பார்க்கும் அடுக்கடுக்கான கூரை, டிராகன் தலை எல்லாம் இங்கே கிடையாது. வெளியே நின்று பார்த்தால் ஒரு மீன் கிடங்கு என்றே தோன்றும். உள்ளே போனால் சுவரில் 17-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள், பீடத்தில் மூன்று மடிப்பு கொண்ட ஒரு மரப்பேழை: நடுவில் குழந்தையோடு மரியாள், ஒரு பக்கம் புனித ஓலாவ், மறுபக்கம் புனித மார்கரெட்.

இந்தப் பேழைக்கு ஒரு கதை உண்டு. ஸ்பெயின் அரச குடும்பத்து இளவரசி இசபெல்லா, பிற்காலத்தில் பேரரசராகப் போகும் ஐந்தாம் சார்லஸின் தங்கை, 1515-இல் டென்மார்க் அரசர் இரண்டாம் கிறிஸ்டியானை மணக்க நெதர்லாந்திலிருந்து கப்பலேறினாள். வயது பதினான்கு. வழியில் கடும் புயல். பிழைத்துக் கரை சேர்ந்த நன்றிக்காக நார்வே கடலோரத்தில் ஐந்து தேவாலயங்களுக்குப் பீடப் பேழைகள் கொடுத்தாள், அதில் ஒன்று கிரிப்புக்கு. இதுதான் சுற்றுலாப் படகில் சொல்லும் கதை.

வரைபடத்தை எடுத்து ஒரு நிமிடம் பார்த்தால் கதை ஆட்டம் காண்கிறது. நெதர்லாந்திலிருந்து கோபன்ஹேகனுக்குப் போகும் கப்பல் நார்வேயின் தென்முனைக்குக் கீழாகவே திரும்பிவிடும். கிரிப் இருப்பதோ அதற்கு வடக்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி. எவ்வளவு பெரிய புயலாக இருந்தாலும் மணப்பெண்ணை அவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வராது. ஆனால் முழுப் பொய்யும் அல்ல. இளவரசியை அழைத்துவரப் போன தூதுக்குழுவில் தலையானவர் எரிக் வால்கென்டார்ஃப், நிடாரோஸின் பேராயர், அதாவது இன்றைய ட்ரோன்ட்ஹெய்ம். கிரிப் அவர் ஆளுகைக்கு உட்பட்ட கரை. பேழைகளோ நெதர்லாந்துப் பட்டறை வேலை. இளவரசி பெயரால் வந்த பணமோ, பேராயரே வாங்கி வந்த சரக்கோ, அவர் வழியாகத்தான் இந்த வடக்குக் கரைத் தேவாலயங்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. இளவரசி வராவிட்டால் என்ன, மண் இல்லாத ஒரு பாறைக்கு நெதர்லாந்தின் நல்ல சிற்பி செதுக்கிய பேழை வந்து சேர்ந்தது உண்மை. மீன் எவ்வளவு பெரிய பணம் என்பதற்கு அது சாட்சி.

இப்போது நகராட்சிக்கு வரலாம். 1837-இல் நார்வே நாடாளுமன்றம் உள்ளாட்சிச் சட்டம் இயற்றியது. 1838 முதல் பங்குத் திருச்சபைகளின் (ஒரு பாதிரியாரின் பொறுப்பில் உள்ள வட்டாரங்களின்) எல்லைகளையே பெரும்பாலும் அப்படியே உள்ளாட்சி எல்லைகளாக மாற்றினார்கள். கிரிப் அப்போது குவெர்னெஸ் என்ற பங்கின் கிளை. பாதிரியார் குவெர்னெஸிலிருந்து கடல் இடம் கொடுக்கும்போது படகில் வந்து பூசை செய்துவிட்டுப் போவார். ஆகவே உள்ளாட்சியிலும் கிரிப் குவெர்னெஸுக்குள் வந்தது. குவெர்னெஸ் பெரிய பரப்பு: தீவும் ஃபியோர்டும் உள்நிலமும் கலந்தது. பண்ணைக்காரனுக்குச் சாலை வேண்டும், கிரிப்காரனுக்குச் சாலை போட இடமே கிடையாது. ஒரே வரிப்பணத்தில் இரண்டு பேரையும் எப்படித் திருப்திப்படுத்துவது?

1897 ஜனவரி 1 அன்று குவெர்னெஸ் நான்காகப் பிரிந்தது: குவெர்னெஸ், பிரெம்ஸ்னெஸ், எய்டெ, கிரிப். நான்காவதான கிரிப்பில் அன்று இருந்தவர்கள் 196 பேர். நாட்டின் மிகச் சிறிய நகராட்சி பிறந்தது அப்படித்தான். இது ஏதோ வேடிக்கைக்குச் செய்ததல்ல. அந்தக் காலத்து நார்வேயில் பிரிப்பதுதான் போக்கு. 1838-இல் நானூறுக்குள் இருந்த நகராட்சிகள் 1930 வாக்கில் 747 ஆகிவிட்டன. சாலையும் தொலைபேசியும் இல்லாத காலத்தில், கூட்டத்துக்குப் போய்த் திரும்ப இரண்டு நாள் ஆகும் ஊரில், ஆட்சி பக்கத்தில் இருப்பதற்கு மதிப்பு இருந்தது. என்னைக் கேட்டால் 'பாறைக்கு நகராட்சி எதற்கு' என்ற கேள்வியே சாலை வந்த பிறகு தோன்றும் கேள்வி.

196 பேர் உள்ள ஊரில் மன்றம் எப்படி நடந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். குழந்தைகளையும் வயதானவர்களையும் கழித்து, தொடக்கத்தில் வாக்குரிமையே இல்லாத பெண்களையும் கழித்துவிட்டால் (உள்ளாட்சித் தேர்தலில் எல்லாப் பெண்களுக்கும் வாக்குரிமை வந்தது 1910-இல்) மிஞ்சுபவர்கள் சில டஜன் ஆண்கள். எல்லோரும் மீனவர்கள், பாதிப் பேர் உறவுக்காரர்கள். ஆயுளில் ஒரு முறையாவது மன்றத்தில் உட்காராத ஆளைத் தேடினால்தான் கிடைப்பான்.

குட்டி நகராட்சிகளின் அரசியல் எப்படியெல்லாம் போகும் என்பதற்கு ஒரு பக்கக் கதை. தெற்கே உட்சீரா என்ற தீவு 1924-இல் தனி நகராட்சியானது. 1925 தேர்தலில் அங்கே ஆண்களுக்குச் சலித்துப்போய், விளையாட்டாகவோ வீம்பாகவோ பெண்களின் பெயரை எழுதிப் போட்டார்கள். எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு இடங்களில் பதினொன்றில் பெண்கள்! தீவின் மருத்துவச்சி ஓசா ஹெல்கெசென் 1926-இல் தலைவரானார். நார்வேயின் முதல் பெண் நகராட்சித் தலைவர் அவர்தான். உட்சீரா இன்றும் தனி நகராட்சி, ஏறத்தாழ 200 பேரோடு. அது பிழைத்தது, கிரிப் பிழைக்கவில்லை. காரணம் பின்னால் வருகிறது.

கலங்கரை விளக்கத்தை விட்டுவிடக் கூடாது. நகராட்சி பிறப்பதற்கு ஒன்பது ஆண்டு முன்பே, 1888-இல், தீவுக்கூட்டத்தின் ஓரப் பாறை ஒன்றில் ஏறத்தாழ 45 மீட்டர் உயரத்துக்கு இரும்புக் கோபுரம் எழுந்தது. நாட்டின் மிக உயரமான கலங்கரை விளக்கங்களில் அதுவும் ஒன்று. எட்டு மீட்டர் உயர ஊருக்குப் பக்கத்தில் 45 மீட்டர் கோபுரம். தூரத்திலிருந்து பார்த்தால் ஊர் தெரியாது, விளக்கு மட்டும் கடலில் நட்ட கம்பமாக நிற்கும். 1977-இல் அது தானியங்கியானது, காவலர்கள் இறங்கிவிட்டார்கள்.

இனி சரிவு. 1900-க்குப் பிறகு நார்வே மீன்பிடிப் படகுகளில் எஞ்சின் ஏறத் தொடங்கியது. கிரிப்காரர்களும் வாங்கினார்கள், வேண்டாம் என்று யார் சொல்வார்? வேகம், பாதுகாப்பு, அதிக மீன். முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதே எஞ்சின் கிறிஸ்டியான்சுண்டில் இருக்கும் மீனவனுக்கும் கிடைத்தது. அவன் காலையில் நகரத்து வீட்டில் காபி குடித்துவிட்டுக் கிளம்பி மீன்பாட்டுக்கு வந்து, சாயங்காலம் மீனை நேராகத் தொழிற்சாலைத் துறையில் இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனான். நூற்றாண்டுகளாக உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய அந்த 14 கிலோமீட்டர் முன்னிலை ஒரு மணி நேரப் பயணமாகச் சுருங்கிப்போனது. முன்னால் இருப்பது இலாபம் என்ற கணக்கு மாறி, தள்ளி இருப்பது செலவு என்றாகிவிட்டது. படகு பெரிதாகப் பெரிதாக, கிரிப்பின் குறுகலான, கரடுமுரடான துறை அதற்குப் போதவும் இல்லை.

அதோடு நகரத்தின் இழுப்பும் சேர்ந்தது. 1940 ஏப்ரல் இறுதியில் ஜெர்மானிய விமானங்கள் கிறிஸ்டியான்சுண்டைத் தொடர்ந்து சில நாட்கள் குண்டுவீசி எரித்தன. மர வீடுகளாலான நகரம் பெரும்பாலும் சாம்பலானது. போருக்குப் பின் புதிதாகக் கட்டியெழுப்பியபோது கட்டுமான வேலை, கப்பல் பட்டறை வேலை, மீன் பதப்படுத்தும் ஆலை வேலை எல்லாம் அங்கே குவிந்தன. மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் உள்ள வீடு அங்கே, மழைநீர்த் தொட்டி இங்கே. இளம் தம்பதிகள் எதைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள்? கடலிலும் நிலைமை சரியில்லை. மோரெ கரையின் இன்னொரு பெரிய வரவான குளிர்கால ஹெர்ரிங் 1950களின் நடுவில் உச்சம் தொட்டு, இயந்திரத்தால் இழுக்கும் ராட்சதச் சுருக்குவலைகளுக்குத் தாக்குப்பிடிக்காமல் 1960களின் இறுதியில் அடியோடு சரிந்தது. மத்திக்கு ஒன்றுவிட்ட உறவான அந்த மீனை நம்பியிருந்த கரையூர்கள் எல்லாம் ஆடிப்போயின.

இந்த நேரத்தில்தான் அரசாங்கக் குழு வருகிறது. 1946-இல் நிக்கோலாய் ஷெய் என்ற மாவட்ட ஆளுநர் தலைமையில் உள்ளாட்சி எல்லைகளை மறு ஆய்வு செய்யக் குழு அமைத்தார்கள். அவர்கள் வாதம் எளியது: ஒன்பது ஆண்டுக் கட்டாயக் கல்வி வரப்போகிறது, சமூக நலத் திட்டங்கள் வரப்போகின்றன, கணக்கர், மருத்துவர், ஆசிரியர் எல்லாம் வைக்க வேண்டும், சில நூறு பேர் கட்டும் வரியில் இது நடக்குமா? 1958-இல் 744 ஆக இருந்த நகராட்சிகள் 1967-இல் 454 ஆகச் சுருங்கின. பல ஊர்களில் சண்டை, மனு, வாக்கெடுப்பு என்று நடந்தது.

1964 ஜனவரி 1 அன்று கிரிப் கிறிஸ்டியான்சுண்டோடு சேர்ந்தது. 67 ஆண்டு வாழ்வின் முடிவில் மக்கள்தொகை 104. ஒன்பதாம் வகுப்பு வரை பள்ளி நடத்த அந்த 104 பேரில் எத்தனை பிள்ளைகள் இருந்திருப்பார்கள்? ஷெய் குழுவின் கத்தி பல இடங்களில் தேவைக்கு மேல் வெட்டியது என்று நினைப்பவன் நான். கிரிப் விஷயத்தில் மட்டும் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த பத்தாண்டில் எஞ்சியவர்களும் ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பினார்கள். 1974-இல் கடைசி நிரந்தரக் குடியிருப்பாளர்களும் போய்விட்டார்கள்.

இனி உட்சீரா கேள்வி. அந்தத் தீவு ஆறு சதுர கிலோமீட்டர், கிரிப்பைப் போலப் பன்னிரண்டு மடங்கு. மண் உண்டு, பண்ணை உண்டு, ஆடு மாடு உண்டு. மீன் ஒரு வருடம் ஏமாற்றினால் உருளைக்கிழங்காவது தின்னலாம். கிரிப்புக்கு மீனைத் தவிர வேறு நாதி இல்லை. ஒற்றைக் காலில் நின்ற ஊர் அந்தக் கால் தள்ளாடியதும் விழுந்தது.

'அரசாங்கம் துரத்தியதா' என்ற உங்கள் சந்தேகம் எங்கிருந்து வந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. போருக்குப் பிந்திய நார்வேயில், ஒதுக்குப்புறத் தீவுகளை விட்டு வெளியேறும் குடும்பங்களுக்கு அரசு உதவித்தொகை கொடுத்த திட்டம் உண்மையிலேயே இருந்தது. இதே கரையில் கொஞ்சம் தெற்கே பியோர்ன்சுண்ட் என்ற தீவூர், 1960களின் கடைசியில் அந்த உதவியோடு ஏறத்தாழ ஒட்டுமொத்தமாகக் கரையேறியது. அது கூடி எடுத்த முடிவு. இன்றும் அதைப் பற்றி வருத்தத்தோடு பேசுபவர்கள் உண்டு. கிரிப்பின் கதை அப்படி ஒரே நாளில் நடந்ததல்ல, சொட்டுச் சொட்டாக வடிந்தது.

1897-இல் பிறந்த நான்கு உடன்பிறப்புகளுக்கு என்ன ஆனது என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது. கிரிப் மறைந்த அதே 1964 ஜனவரி 1 அன்று தாய் நகராட்சியான குவெர்னெஸும் மறைந்தது; அதுவும் பிரெம்ஸ்னெஸும் பக்கத்து கூர்ன்ஸ்டாடும் சேர்ந்து ஆவெரோய் நகராட்சியானது. பிரெம்ஸ்னெஸின் ஒரு துண்டு மட்டும் கிறிஸ்டியான்சுண்டுக்குப் போனது. எய்டெ தாக்குப்பிடித்தது 2020 வரை. பிறகு ஃப்ரேனாவோடு இணைந்து ஹுஸ்டாட்விகா ஆனது. சாலைகளும் இந்தக் கதையில் சேர்த்திதான். 1989-இல் எய்டெயையும் ஆவெரோயையும் பாலம் பாலமாகத் தீவுகள் மேல் தாவித் தாவி இணைத்த அட்லான்டிக் சாலை திறந்தது. கார் விளம்பரங்களில் அலை அடிக்கும் வளைந்த பாலத்தைப் பார்த்திருப்பீர்கள், அதுதான். 1992-இல் கிறிஸ்டியான்சுண்டுக்கு நிலத்தொடர்பு வந்தது, 2009-இல் ஆவெரோய்க்குக் கடலடிச் சுரங்கம் வந்தது. எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் இணைத்த அந்த நாட்டில் கிரிப்புக்குப் பாலம் கட்ட யாரும் யோசித்துக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு நகராட்சி கலைந்தால் திரும்ப வராது என்றும் நினைத்துவிடாதீர்கள். இதே மாவட்டத்தில் ஹாராம் என்ற கடலோர நகராட்சியை 2020-இல் ஓலெசுண்டோடு இணைத்தார்கள். மக்கள் ஒத்துக்கொள்ளவே இல்லை. போராடி 2024 ஜனவரி 1 அன்று தனியாகப் பிரிந்து வந்துவிட்டார்கள். வித்தியாசம், ஹாராமில் போராட மக்கள் இருந்தார்கள்.

இன்று கிரிப்பில் வீடுகள் இடிந்து கிடக்கின்றன என்று எண்ண வேண்டாம். சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று பளிச்சென்று வண்ணம் பூசி நிற்கின்றன. பழைய குடும்பங்களின் வாரிசுகளும் மற்றவர்களும் கோடை வீடாக வைத்திருக்கிறார்கள். கோடையில் நகரத்திலிருந்து தினமும் படகு உண்டு, தேவாலயத்தில் கல்யாணம்கூட நடக்கிறது. நான் போன அன்று வெயில் அடித்தது. கடல் குளம் மாதிரி கிடந்தது. இதில் என்ன கஷ்டம் என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன். மறுவாரம் காற்று கிளம்பிப் படகே ரத்தானபோதுதான் ஜனவரியில் இங்கே துடுப்பு போட்டவர்களை நினைத்துப் பார்த்தேன்.

ஆவணம் தேடும் ஆர்வம் இருந்தால் ஒரு குறிப்பு. நார்வேயில் ஒவ்வொரு நகராட்சிக்கும் நான்கு இலக்க எண் உண்டு. கிரிப்பின் எண் 1555. அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகம் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 1900, 1910, 1920 கணக்கெடுப்புகளில் கிரிப் தனியாக வரும்: வீடு வீடாக, பெயர், வயது, தொழிலோடு. 1897-க்கு முந்தியதைத் தேடும்போது குவெர்னெஸ் என்று போட வேண்டும், இல்லாவிட்டால் எதுவும் கிடைக்காது.